ஆன்லைன் குழுவின் பெயரில் ஊருக்கு ஊர் கிளப்: பணம் கட்டுபவருக்கு என்ன கிடைக்கும்?

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் ஒருவருக்குச் சொந்தமாக ஒரு மாடி காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கான ஃபாலோயர்கள் உள்ள ஒரு குழு அவரை அழைக்கிறது. புத்தகம் படிப்பவர்கள் குழு, ஓட்டக்காரர்கள் குழு, போர்டு கேம் குழு, எதுவாகவும் இருக்கட்டும். "பேரு எங்களுது, இடம் உங்களுது. உங்க ஊர்லயும் எங்க கிளப்பைத் திறக்கலாம்." முன்பணம் சில லட்சம், அதன்பின் மாதா மாதம் வருமானத்தில் ஒரு பங்கு. கட்டலாமா?

ஆசை வருவதில் தப்பில்லை. அணுமின் நிலையமும் ஆராய்ச்சி மையமும் இருப்பதால் வெளிமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. புதிதாக வந்தவருக்கு நாலு பேரைத் தெரிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும்தானே! ஆனால், அந்த முன்பணத்துக்கு உண்மையில் கைக்கு வருவது என்ன என்பதுதான் கேள்வி.

கிராஸ்ஃபிட் கதை

இதற்கு உலக அளவில் பெரிய உதாரணம் கிராஸ்ஃபிட். கிரெக் கிளாஸ்மேன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 2001-ல் ஓர் இணையதளம் தொடங்கி, தினமும் ஓர் உடற்பயிற்சியை இலவசமாக வெளியிட்டார். செய்து பார்த்தவர்கள் தங்கள் நேரத்தை அதே பக்கத்தில் பதிவிட்டுப் போட்டி போட, அது ஒரு கூட்டமாகவே ஆனது. பிறகு அவர்களில் சிலர் தங்கள் ஊரில் அதே பெயரில் ஜிம் திறக்க அனுமதி கேட்டார்கள். 2005-ல் 13 ஜிம்கள் இருந்தன. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அது 13,000-ஐத் தாண்டியது.

கிராஸ்ஃபிட் இதை ஃபிரான்சைஸ் என்று சொல்வதில்லை, 'அஃபிலியேட்' என்கிறது. வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. ஆண்டுக் கட்டணம் மட்டும்தான். அமெரிக்காவில் பல ஆண்டுகள் 3,000 டாலராக இருந்த அந்தக் கட்டணம் 2024-ல் 4,500 டாலரானது. ஜிம் எப்படி இருக்க வேண்டும், என்ன விலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் உரிமையாளர் இஷ்டம். அதேநேரம், பக்கத்துத் தெருவில் இன்னொரு கிராஸ்ஃபிட் வந்தாலும் கேட்க முடியாது. ஏரியா பாதுகாப்பு கிடையாது.

2020 ஜூனில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை ஒட்டி கிளாஸ்மேன் போட்ட ஒரு ட்வீட் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜிம்கள் பெயரைக் கைவிடுவதாக அறிவித்தன, ரீபோக் விலகியது, சில நாள்களில் அவரே தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கினார். அந்த ஜிம்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எங்கோ ஒருவர் போனில் தட்டியதற்கு இவர்கள் வாசல் போர்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

ஆனால், போர்டை மாற்றிய பலர் அதே இடத்தில், அதே உறுப்பினர்களோடு வேறு பெயரில் தொடர்ந்து நடத்தினார்கள். உறுப்பினர் தினமும் பார்ப்பது அங்கிருக்கும் பயிற்சியாளரைத்தான், தலைமையகத்தை அல்ல. இந்தத் தொழிலின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒருவரின் பெயரில் ஊருக்கு ஊர் கிளை என்பது நமக்குப் புதிதல்ல. ரசிகர் மன்றம் அதைத்தானே செய்தது, அதுவும் கட்டணமே வாங்காமல்! 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றம் கலைக்கப்பட்டு ரசிகர் நற்பணி மன்றமாக மாற்றப்பட்டதும் ஓர் அறிக்கையில் முடிந்த விஷயம்தான். பெயர் யாருடையதோ, முடிவும் அவருடையது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பவர், கையெழுத்து வாங்குவதற்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள்களுக்கு முன்பே தன் கணக்குவழக்கு, வழக்குகள், மூடிய கிளைகள் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ன் ஒப்பந்தச் சட்டமும் 1999-ன் வர்த்தகச் சின்னங்கள் சட்டமும்தான் துணை. அதாவது, கேட்டு வாங்காத தகவல் தானாக வராது.

முதலில் அந்தப் பெயர் பதிவு செய்யப்பட்டதா என்று வர்த்தகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் தேடலாம், இலவசம்தான். கலை, விளையாட்டு, பொழுதுபோக்குக்கு 41-வது வகுப்பு. காபி, சாப்பாடு விற்பதற்கு 43. லட்சம் ஃபாலோயர் இருக்கும் பெயருக்குப் பதிவு இல்லையென்றால், நாளை வேறொருவர் உரிமை கோரும்போது மாட்டிக்கொள்வது கிளை நடத்துபவரும்தான்.

ஒப்பந்தம் முடிந்தபின் "இதே தொழிலை இனி நீங்கள் செய்யக் கூடாது" என்று எழுதியிருந்தால் ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, தொழில் செய்வதைத் தடுக்கும் ஷரத்து பொதுவாகச் செல்லாது. பெயரை மட்டும் விட்டுவிட வேண்டும். அதனால், உறுப்பினர்களின் போன் நம்பரும் வாட்ஸ்அப் குரூப்பும் யார் கையில் இருக்கும் என்பதை முதல் நாளே எழுதி வாங்குவது, முன்பணத்தைக் குறைத்துப் பேசுவதைவிட முக்கியம்.

'கிளப்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. மனமகிழ் மன்றம் என்றாலே எஃப்எல்-2 உரிமம் வாங்கிய பார்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வீட்டு உரிமையாளரும் பக்கத்து வீட்டுக்காரரும் முதலில் கேட்கப்போவது அதைத்தான். சங்கமாகப் பதிவு செய்துவிட்டால் பிரச்னை தீரும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சங்கத்தின் லாபத்தைப் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், வருமானத்துக்காகத் தொடங்குபவருக்கு அது சரிவராது.

கடைசியாக, பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டிய ஒரு கணக்கு. அந்த லட்சம் ஃபாலோயர்களில் புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கு வைத்திருப்பவரால் ஃபாலோயர்கள் எந்தெந்த ஊர்களில் அதிகம் என்று பார்க்க முடியும். பட்டியல் சென்னை, பெங்களூரு, கோவையோடு நின்றுவிட்டால், மாடியை வேறு யாருக்காவது வாடகைக்கு விடுவது பற்றி யோசிக்கலாம்.