எண்பதுக்கு எண்பது: ரன்-ஃபிளாட் டயர் சொல்லும் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகிவிட்டது. செப்டம்பர் 3-ம் தேதி கவுன்சில் கூடி இதை அறிவித்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் டயர் வாசனை தூக்கலாக இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான். எப்படியும் நான்கையும் மாற்றப்போகிறோம், கம்பெனி கொடுத்த ரன்-ஃபிளாட்டையே மறுபடி போடுவதா, சாதாரண டயருக்கு மாறிவிடுவதா? செலவைப் பார்த்து மிரண்ட ஒருவர், பின்னால் ரன்-ஃபிளாட்டும் முன்னால் சாதாரண டயரும் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது. இதற்கு விளக்கம் படிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டாம்.

முதலில் வரிக் கணக்கை முடித்துவிடுவோம். "விலை 10 சதவீதம் குறைந்துவிட்டது" என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். வரி சேர்க்காமல் 20,000 ரூபாய் விலையுள்ள டயர் முன்பு 25,600, செப்டம்பர் 22 முதல் 23,600. நீங்கள் கொடுக்கும் பணத்தில் குறைவது 7.8 சதவீதம்தான். நான்கு டயருக்கு 8,000 ரூபாய் மிச்சம். டயர் ஏற்கெனவே மொட்டையாகிவிட்டது என்றால் மழைக்காலத்தில் சில நாள் தள்ளிப்போடுவதும் அதிகம். ட்ரெட் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் அது ஓட்டத்தக்க டயர் அல்ல.

இனி டயர். ரன்-ஃபிளாட்டை விற்கும் எல்லோரும் ஒரே வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள்: "காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. போகலாம் சார்." காரின் கையேட்டிலும் இதேதான் பெரும்பாலும் இருக்கிறது. எந்த டயர், எந்த கார், எவ்வளவு சூடான ரோடு என்றெல்லாம் பார்க்காமல் எல்லோருக்கும் எப்படி ஒரே எண் வாய்த்தது?

ஐக்கிய நாடுகளின் டயர் ஒழுங்குமுறை எண் 30-ஐப் பார்த்தால் விடை கிடைக்கும். காற்றழுத்தம் 70 கிலோபாஸ்கலுக்குள், அதாவது சுமார் 10 பி.எஸ்.ஐ.க்குள் விழுந்த நிலையில், 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தாக்குப்பிடிப்பதே ரன்-ஃபிளாட் என்று அது வரையறுக்கிறது. சோதனை நடப்பது ரோட்டில் அல்ல. வழவழப்பான ஓர் இரும்பு உருளையின் மீது காற்றில்லாத டயரை அழுத்தி, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 60 நிமிடம் சுழல விடுகிறார்கள். ஒரு மணி நேரம் சுழன்றால் 80 கி.மீ. அவ்வளவுதான் அந்தப் புகழ்பெற்ற எண்ணின் பூர்வீகம். டயரின் உயரம் 20 சதவீதத்துக்கு மேல் தணியக் கூடாது, ட்ரெட் சைட்வாலை விட்டுப் பிரியக் கூடாது, பிரியாவிட்டால் பாஸ். வளைவில்லை, பிரேக் இல்லை, குழி இல்லை.

சோதனையில் டயர் மீது வைக்கும் பாரம் எவ்வளவு? அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச எடையில் 65 சதவீதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு நிஜக் காரை வைத்துப் பார்ப்போம். 2025 ஆகஸ்ட்டில் உற்பத்தி நின்றுபோன நிசான் ஜிடி-ஆர், பிறந்ததிலிருந்தே ரன்-ஃபிளாட்டில் ஓடிய கார். முன் டயர் 255/40, 20 அங்குலம், லோடு இண்டெக்ஸ் 97. அதாவது 730 கிலோ தாங்கும். அதில் 65 சதவீதம் 474 கிலோ. காரின் எடை சுமார் 1,750 கிலோ, பாதிக்குச் சற்று மேல் முன்பக்கம். ஆளுக்கு 75 கிலோ வீதம் இருவர் உட்கார்ந்தால் ஒவ்வொரு முன் சக்கரத்தின் மீதும் ஏறுவது ஏறத்தாழ 500 கிலோ. கார் நின்றுகொண்டிருக்கும்போதே சோதனைப் பாரத்தைத் தாண்டிவிட்டது. பிரேக் மிதித்தால் எடை முன்னால் சாயும், வளைவில் வெளிப்பக்கம் சாயும். அந்த 80-ஐ நான் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு டயர் ஒருமுறை வாங்கிய மதிப்பெண் அது.

டயர்க்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. உள்ளே இருக்கும் வேலைப்பாடு அசாத்தியமானது. இரண்டு சைட்வாலின் உட்பக்கத்திலும் பிறை வடிவில் கெட்டியான ரப்பர் பட்டை வைக்கிறார்கள். காற்று இருக்கும்வரை அதனால் உங்களுக்குக் கிடைப்பது கூடுதல் எடையும் கூடுதல் குலுக்கலும்தான். காற்று போன நொடியிலிருந்து காரை அந்தப் பட்டைதான் தூக்கி நிறுத்துகிறது. அந்த ஜிடி-ஆர் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து சுற்று. பட்டை ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நசுங்கி நிமிர்கிறது, ஒரு மணி நேரத்தில் சுமார் 36,000 முறை. நசுங்கி நிமிரும்போதெல்லாம் கொஞ்சம் சூடு மிஞ்சுகிறது. சூடேறினால் ரப்பர் இளகும், இளகினால் இன்னும் அதிகமாக நசுங்கும், நசுங்கினால் இன்னும் சூடு. மீட்டர் வட்டி போல, ஒரு கட்டத்துக்கு மேல் அசலைவிட வேகமாக ஏறும். எனவே 80-ல் 80 கி.மீ. என்றால் 120-ல் 50 கி.மீ.யாவது போகும் என்று நேர்க்கணக்குப் போடாதீர்கள். பிரிட்ஜ்ஸ்டோன் 2009-ல் சைட்வாலின் வெளியே சிறு சிறு வரிமேடுகளை வைத்துக் காற்றைக் கலக்கிவிட்டுச் சூட்டைத் தணிக்கும் டயரைக் கொண்டுவந்ததும் இந்தச் சங்கிலியை அறுக்கத்தான்.

அப்படியானால் ரன்-ஃபிளாட்டால் உண்மையான லாபம் எது? என் கணிப்பில், காற்று போகும் அந்தச் சில நொடிகள். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது டயர் சட்டென்று காற்றிழந்தால் சாதாரண டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவலாம், கார் ஒரு பக்கம் இழுக்கலாம். ரன்-ஃபிளாட் ரிம்மை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இதன் மதிப்பு பெரிது. விற்பனைப் பேச்சில் இது கடைசியில் வருகிறது, 80 கி.மீ. முதலில் வருகிறது.

என்னைத் தொந்தரவு செய்வதும் இதே திறமைதான். காற்று போனது வெளியே தெரியாது, ஓட்டும்போதும் பெரிதாகத் தெரியாது. காற்றழுத்த சென்சார் வேலை செய்யாத காரில் ரன்-ஃபிளாட் போட்டு ஓட்டுகிறவர், ஏற்கெனவே வெந்துபோன டயரில் 130-ல் போய்க்கொண்டிருக்கலாம். ஏ.பி.எஸ். மூலம் சக்கரம் சுழலும் வேக வித்தியாசத்தை வைத்துக் கணிக்கும் மலிவான முறைக்கு இங்கே இன்னொரு சிக்கல்: ரன்-ஃபிளாட் அவ்வளவாகத் தணிவதில்லை என்பதால் அதற்குக் கிடைக்கும் துப்பும் சிறிதாகிவிடுகிறது. வால்வில் பொருத்திய சென்சார் இருந்தால் நல்லது. எது இருந்தாலும் அது வேலை செய்ய வேண்டும்.

கார் கம்பெனிகளே இதில் ஒரு முடிவுக்கு வந்தவர்கள் அல்ல. செவர்லே தன் கார்வெட்டின் ஐந்தாம் தலைமுறையை 1997-ல் ஸ்டெப்னியே இல்லாமல், ரன்-ஃபிளாட்டோடு விற்றது. அதே காரின் வேகமான வடிவமான இசட்06, 2001-ல் வந்தபோது எடையைக் குறைக்க ரன்-ஃபிளாட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போட்டது. 2006-ல் வந்த அடுத்த இசட்06 மறுபடி ரன்-ஃபிளாட்டுக்குத் திரும்பியது. பி.எம்.டபிள்யூ. கதை இன்னும் சுவாரசியம். சாதாரண 3 சீரிஸ் வாங்குபவர்களுக்குப் பாதுகாப்பு என்று பல ஆண்டுகள் ரன்-ஃபிளாட்டைக் கொடுத்த அதே கம்பெனி, தன் எம்3-க்கு அதைப் போடவில்லை. பஞ்சர் அடைக்கும் திரவமும் கம்ப்ரஸரும் கொடுத்தது. பாதுகாப்பு அவ்வளவு முக்கியம் என்றால் அதிவேகக் காருக்கு ஏன் வேண்டாம் என்று கேட்டால், எடையும் பிடிமானமும் என்பார்கள். நான் கேட்க விரும்புவது, அந்த எடையும் பிடிமானமும் மற்றவர்களுக்கு வேண்டாமா என்பது.

மறுபக்கம் ஜிடி-ஆர். நூர்பர்க்ரிங்கில் 2008-ல் 7 நிமிடம் 29 விநாடியில் சுற்றியபோதும் ரன்-ஃபிளாட்டில்தான் ஓடியது. கெட்டியான சைட்வாலை ஒரு குறையாக எண்ணாமல், சஸ்பென்ஷனையே அதைச் சுற்றி அமைத்தார்கள். ஆகவே "ரன்-ஃபிளாட் என்றால் மந்தம்" என்பதும் அரைகுறைப் பேச்சு. கார் எந்த டயரை நம்பி வடிவமைக்கப்பட்டது என்பதே கேள்வி.

நம் ரோட்டுக்கு வருவோம். உளுந்தூர்பேட்டை அருகே இரவு பத்து மணிக்கு ஆணி ஏறுகிறது. சென்னையும் 80 கி.மீ.க்கு வெளியே, திருச்சியும் வெளியே. அந்த 80-க்குள் 20 அங்குல ரன்-ஃபிளாட் வைத்திருக்கும் கடையை நான் எதிர்பார்க்க மாட்டேன். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியை உரிமம் தேவைப்படும் பட்டியலில் சேர்த்த பிறகு, இங்கே தயாராகாத அளவுகளுக்குப் பெருநகரங்களிலேயே காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாதாரண டியூப்லெஸ் டயராக இருந்தால் டோல்கேட்டை ஒட்டிய பஞ்சர் கடையில் பத்து நிமிடத்தில் ஸ்ட்ரிப் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ராத்திரியிலும் உதவி வண்டி வந்து சேரும் நாட்டு நெடுஞ்சாலைக்காகப் பிறந்த யோசனை, பஞ்சர் கடைகள் நிறைந்த நம் ஊரில் தன் பாதி அர்த்தத்தை இழந்துவிடுகிறது. போதாக்குறைக்குக் குழிகள். வளைந்து கொடுக்காத சைட்வால் அடியை நேராக ரிம்முக்கு அனுப்பும். அலாய் வீல் விரிசல் விட்டு வருவது ரன்-ஃபிளாட் காரர்களின் பழைய புலம்பல்.

என் தீர்ப்பு இது. பெரும்பாலும் ஊருக்குள்ளும் பகல் நேர நெடுஞ்சாலையிலும் ஓட்டுகிறீர்கள், சென்சார் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் நல்ல சாதாரண டயருக்கு மாறுங்கள். டிக்கியில் கம்ப்ரஸரும் அடைப்புத் திரவமும் வையுங்கள். இரவில், தனியாக, அதிவேகமாக நெடுந்தூரம் போகிற பழக்கம் இருந்தால் ரன்-ஃபிளாட்டிலேயே இருங்கள். மாறுகிறவர்கள் அளவு, லோடு இண்டெக்ஸ், வேகக் குறியீடு மூன்றையும் குறைக்காதீர்கள். மாறியதும் ஸ்டீயரிங் கொஞ்சம் தளர்ந்ததுபோல் இருக்கும்.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

என் காரில் இருப்பது ரன்-ஃபிளாட்தானா? சைட்வாலைப் பாருங்கள்: பிரிட்ஜ்ஸ்டோனில் 'ஆர்.எஃப்.டி.', மிஷலினில் 'இசட்.பி.', டன்லப்பில் 'டி.எஸ்.எஸ்.டி.'

ரன்-ஃபிளாட்டுக்குப் பஞ்சர் போடலாமா? கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும். காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியாவிட்டால் போடாதீர்கள்.

ஸ்டெப்னி இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்குமா? டியூப்லெஸ் டயர், காற்றழுத்த சென்சார், பஞ்சர் கிட் மூன்றும் உள்ள கார்களுக்கு 2020-லேயே விதி தளர்ந்துவிட்டது.

ஸ்டெப்னி வாங்கி வைக்கலாமா? முன்னும் பின்னும் வேறு அளவு டயர் உள்ள காரில் எதற்கு வாங்குவீர்கள், எங்கே வைப்பீர்கள்?

அடைப்புத் திரவம் சைட்வால் கிழிசலை அடைக்குமா? அடைக்காது.

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ஸ்ட்ரிப் போட்ட டயரோடு போகலாமா? வேண்டாம்.

2025 செப்டம்பர் 22-க்கு முன் கடைக்கு வந்த சரக்குக்கும் புதிய வரிதானா? ஆம், அந்தத் தேதி முதல் விற்றுப் பில் போடும் எல்லா கார் டயருக்கும் 18 சதவீதம்தான். பில்லோடு டயரில் அச்சிட்ட நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 3222 என்றால் 2022-ன் 32-வது வாரத்தில் செய்தது. வரி குறைந்த சாக்கில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள்.