உடைந்த இரும்புக் கிண்ணம்

சீன மக்கள் அரசுத் தொழிற்சாலை வேலையை 'இரும்புச் சோற்றுக் கிண்ணம்' என்று அழைத்தனர். கீழே விழுந்தாலும் உடையாத கிண்ணம் அது. சம்பளத்துடன் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், ஓய்வூதியம் யாவற்றையும் தொழிற்சாலையே அளித்து வந்தது.

1978-இல் சீனாவில் பொருளாதாரச் சீர்திருத்தம் தொடங்கியது. 1990-களில் அரசு ஆலைகள் பல நஷ்டத்தில் தள்ளாடவே, ஆட்குறைப்பு வந்தது. 1998 முதல் 2003 வரை சுமார் 2 கோடியே 80 லட்சம் பேர் வேலை இழந்தனர். தொழிலாளருள் பெண்கள் பாதிக்கும் குறைவே. ஆயினும் வேலை இழந்தோருள் அவர்களின் பங்கு அதைவிட அதிகமாக இருந்தது. 'பெண்களை நீக்குக' என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பின் ஏன் இந்நிலை?

முதற் காரணம், தொழில். பஞ்சாலைகளில் பெண்களே மிகுதி. 1998-இல் அரசு, மூன்றாண்டுகளில் ஒரு கோடி நூற்புக் கதிர்களை ஒழித்து, 12 லட்சம் பஞ்சாலைத் தொழிலாளரைக் குறைக்கத் திட்டமிட்டது.

இரண்டாவது, வயது. ஆண்களுக்கு ஓய்வு வயது 60. பெண் தொழிலாளருக்கோ 50. ஓய்வுக்கு ஐந்தாண்டு முன்னரே வீட்டுக்கு அனுப்பலாம் என்ற விதியால், ஆண் 55 வயதிலும் பெண் 45 வயதிலும் வெளியேற நேர்ந்தது.

மூன்றாவது, இரக்கத்தால் பிறந்த விதி. ஒரே ஆலையில் வேலை செய்யும் கணவன், மனைவி இருவரையும் ஒருங்கே நீக்கலாகாது என்றனர். நல்ல விதிதான்! ஆனால் ஒருவர் போக வேண்டுமெனில், சம்பளம் குறைந்தவரே போவார். பெரும்பாலும் அவர் மனைவிதான்.

ஆலையோடு காப்பகமும் மூடப்பட்டபோது குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பும் தாயின் மீதே விழுந்தது. ஷாங்காய் விமான நிறுவனம் பஞ்சாலைப் பெண்கள் 18 பேரைப் பணிப்பெண்களாக்கியதை எல்லோரும் புகழ்ந்தனர். ஆனால் நாற்பதைக் கடந்த மற்றப் பெண்களுள் பலருக்கு வீட்டு வேலையும் தெருவோர வியாபாரமுமே கிடைத்தன.

2025 முதல் சீனா ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்தி வருகிறது. முடிவில் ஆண்களுக்கு 63, பெண் தொழிலாளருக்கு 55 ஆகும். இடைவெளி குறைகிறது, மறையவில்லை.

ஒரு விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பதே நீதியாகும் அல்லவா?