துணியோடு போக வேண்டிய விபரம்: மருதமுனைக் கைத்தறியும் இணைய வணிகத்தின் மீதரவும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பிரதான வீதியில், பெரியநீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் இடையே அமைந்துள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். சாரனும் சாறியும் கடையில் விற்கப்படும்போது, எந்த நூல், சாயம் போகுமா, அகலம் காணுமா, எந்தத் தறியில் நெய்தது என்ற கேள்விகளுக்கெல்லாம் விற்பவரின் வாயே பதில் சொல்லிவிடுகிறது; வாங்குபவரும் துணியைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைகிறார். இணையத்தில் விற்கும்போது தொடுகையும் இல்லை, பேச்சும் இல்லை. ஒரு படமும் ஒரு விலையும் மட்டுமே எஞ்சுகின்றன. அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கான எழுத்துவடிவ விபரமே மெட்டாடேட்டா எனப்படும் மீதரவு ஆகும்.

ஒரு தரவைப் பற்றிய தரவே மீதரவு என்று சுருக்கமாகச் சொல்லலாம். புத்தகம் ஒன்றின் உள்ளடக்கம் தரவு எனில், அதன் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு, மொழி ஆகியவற்றைக் குறித்து வைக்கும் நூலகப் பட்டியல் அந்தப் புத்தகத்தின் மீதரவு. இணையத்தில் குவியும் ஆவணங்களையும் இதே ஒழுங்கில் விவரிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகத் துறையினரும் கணினித் துறையினரும் கூடியதன் விளைவாக உருவான, 15 அடிப்படைக் கூறுகளைக் கொண்ட முறை, இன்றும் டப்ளின் கோர் என்ற பெயரில் வழக்கில் உள்ளது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இலங்கைத் தமிழ் எண்ணிம நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையை வாசகர் ஒருவர் தேடி எடுக்க முடிவதற்கும், வருடிய பக்கங்களோடு அதன் பெயரும் ஆண்டும் பதிப்பாளரும் பதிவாகியிருப்பதே காரணம்.

வணிகத்துக்கு வரும்போது, இணையப் பக்கத்தின் தலைப்பு, அதன் கீழ்த் தேடல் முடிவில் தோன்றும் இரண்டு வரி விளக்கம், படத்துக்கு எழுத்தில் தரப்படும் மாற்றுரை ஆகியவை முதன்மையான மீதரவுகள். இவற்றுள் மாற்றுரை, பார்வையற்ற ஒருவரின் கைத்தொலைபேசி அந்தப் படத்தை வாசித்துச் சொல்லவும் உதவுகிறது. முகநூலில் ஓர் இணைப்பைப் பகிர்ந்தவுடன் படமும் தலைப்பும் ஒரு பெட்டியாக விரிவது, 2010இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஓப்பன் கிராப் என்னும் மீதரவு முறையினால்தான். ஒரு காலத்தில் பக்கத்தின் மறைவான பகுதியில் திறவுச்சொற்களைத் தொடர்பின்றி அடுக்கிவைத்து முன்னுக்கு வர முயன்றவர்கள் பலர். அந்தத் திறவுச்சொல் பட்டியலைத் தேடல் தரவரிசைக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. ஆயினும் அதையே இரகசிய வித்தையாகக் காட்டிச் சிறு வியாபாரிகளிடம் பணம் கேட்போர் உண்டாதலால், அந்தச் செய்தி இன்னும் பரவ வேண்டியிருக்கிறது.

கூகுள், பிங், யாகூ ஆகியவை 2011இல் இணைந்து தொடங்கிய ஸ்கீமா என்னும் பொதுச் சொற்தொகுதி, மேற்சொன்ன மீதரவுகளைவிட ஆழமானது. ஒரு சாரனை அதன்படி விவரிப்பதாயின் பெயர், மூலப்பொருள், நிறம், அளவு, விலை, நாணயம், கையிருப்பு உண்டா என்பன தனித்தனிப் புலங்களாக எழுதப்படும். நாணயம் என்ற புலம் தேவைதானா என்று தோன்றலாம்; இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் 'ரூ.' என்றே எழுதப்படுவதால், எல்.கே.ஆர். என்ற மூன்றெழுத்துக் குறியீடு இல்லாமல் ஓர் இயந்திரம் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 'நீலச் சாரன்' என்று மட்டும் எழுதப்பட்ட துணி ஆயிரம் நீலச் சாரன்களுக்குள் ஒன்றாகிவிட, பருத்தி, நூலின் பருமன் எண் (கவுண்ட்), அகலம், கரையின் நிறம், கைத்தறி, மருதமுனை என்று எழுதப்பட்டதோ தேடி வருபவரின் கண்ணில் படுகிறது. தேடுபவர் தமிழ்நாட்டவராயின் அவர் 'கைலி' என்றோ 'லுங்கி' என்றோ தட்டக்கூடும். ஊரின் பெயரும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக எழுதப்படுகிறது. இந்த வேறு பெயர்களையும் விளக்கத்துக்குள் இயல்பாகச் சேர்ப்பது, எங்கோ இருக்கும் வாங்குநருக்குப் பாதை காட்டுவதாகும்.

தமிழில் விற்போருக்குத் தனியாக இன்னொரு தடை உண்டு. இலங்கையின் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் நெடுங்காலம் புழங்கிய பாமினி எழுத்துருவில் 'மருதமுனை' என்று தட்டினால், பார்ப்பவருக்குத் தமிழாகத் தோன்றினாலும், கணினிக்குள் பதிவாவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையே. யுனிகோட் முறையில் எழுதப்பட்ட தமிழையே தேடுபொறி தமிழாக அறியும். அழகான விளம்பரப் படத்துக்குள் விலையையும் விபரத்தையும் பதித்துவிட்டு வெளியே ஒரு வரியும் எழுதாமல் விடுவதும் ஏறத்தாழ இதே இழப்பைத் தருகிறது. சொந்த இணையத்தளம் இல்லாதோருக்கு வட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பொருட்பட்டியலில் பெயர், விலை, விளக்கம், பொருட்குறியீடு ஆகியவற்றுக்கான இடம் இலவசமாகவே கிடைக்கிறது. வெறுமையாக விடப்படும் அந்த விளக்கப் பெட்டியே பலருக்கு முதல் முதலீடாக அமைய முடியும்.

எழுதாமலே சேர்ந்துகொள்ளும் மீதரவும் உண்டு என்பதை மறக்கலாகாது. இருப்பிட வசதி இயங்கும் கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த நாளும் நேரமும் மட்டுமன்றி, எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கும் பதிவாகின்றன. வீட்டிலேயே தறி போட்டிருக்கும் பெண்ணொருவர் அத்தகைய படத்தை வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பும்போது, தன் வீட்டின் சரியான இருப்பிடத்தையும் அறியாமலே அனுப்பிவிடக்கூடும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, வாங்கிய நேரம் ஆகியனவும் காக்கப்பட வேண்டியவை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதன் பொருட்டே இயற்றப்பட்டது.

எல்லாவற்றிலும் முதன்மையானது உண்மை. விசைத்தறித் துணிக்குக் 'கைத்தறி' என்று எழுதுவது ஒரு வியாபாரிக்கு ஒரு நாள் இலாபமாக இருக்கலாம், ஆனால் அது ஊர் முழுவதன் பெயரையும் கெடுத்துவிடும். இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றதும், அதற்கு முன்னரே இந்தியாவில் காஞ்சிபுரம் பட்டு அத்தகைய காப்பைப் பெற்றதும், பிறந்த இடம் என்ற ஒரு மீதரவுக்குச் சட்டமே காவல் நிற்கும் அளவுக்கு மதிப்பு உண்டு என்பதைக் காட்டுகின்றன. மருதமுனைத் துணிக்கும் அத்தகைய காப்பைக் கோரும் நாள் வருமாயின், எந்தத் துணி எந்த நூலில், எந்தத் தறியில், எவர் கையால் நெய்யப்பட்டது என்ற எழுத்துச் சான்றுகள் வேண்டியிருக்கும். அவ்விபரங்கள் இன்று முதிய நெசவாளர்களின் நினைவில் இருக்கின்றன; ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு அவற்றை எழுதி வைக்கும் வேலையை அவர்களது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்போதே தொடங்க வேண்டும்.