நிறம் திருத்துமுன் திரையைத் திருத்துவோம்

பழைய ஒளிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் நம்மவர், வெளிறித் தெரியும் அன்னையின் முகத்திற்கு நிறமேற்றிப் பதிகின்றனர். பிழை திரையிலே இருப்பின், அத்தவறான நிறமே பிள்ளைகளுக்கு எஞ்சும்.

திரையைச் சீர்செய்யும் வழிகாட்டி நாம் வாழும் டென்மார்க்கிலேயே பிறந்தது. பல நாட்டுத் தொலைக்காட்சிகள் பயன்படுத்திய வட்டவடிவச் சோதனைப் படத்தை, பிலிப்ஸ் நிறுவனத்தின் கொப்பன்ஹேகன் ஆய்வுகூடத்தில் 1966-67இல் ஃபின் ஹென்டில் என்னும் பொறியியலாளர் வடிவமைத்தார். அதில் கருமைமுதல் வெண்மைவரை சாம்பற்படிகள் உண்டு.

அத்தகைய படத்தைத் திரையிலிட்டு, கருமைக்கு அடுத்த படி மெல்லத் தெரியுமளவுக்கு ஒளிர்வை அமைப்போம். வெண்மைக்கு முந்தைய படி அதனோடு கலவாதவாறு கொன்ட்ராஸ்டைக் குறைப்போம். நிறத்தை இறுதியிலேயே தொடுவோம். மாரி இருளில் வைத்த அளவு கோடை வெளிச்சத்திற்குப் பொருந்தாது, மீண்டும் சரிபார்ப்போம்.

அன்னையின் முகம் அன்னையின் நிறத்திலேயே இருக்கட்டும்.