மூளையின் கடிவாளமும் ஒரு மாத்திரையும்

சென்னை அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி ஊரூர் ஒல்காட் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அங்கே காலையில் கூடையில் சூரை மீனைக் கண்டால், சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த மீனில் 'பி6' என்னும் உயிர்ச்சத்து மிகுதி. உங்கள் மூளை வலிப்பின்றி அமைதியாக இயங்குவதற்கு அந்த உயிர்ச்சத்தும் ஒரு காரணம்.

அது எப்படி? மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று வேதிப்பொருள்களால் தூண்டுகின்றன. தூண்டுவதில் முதன்மையானது குளூட்டமிக் அமிலம். தூண்டல் மட்டும் இருந்தால் கடிவாளமற்ற குதிரைதான். அடக்குவதற்கும் ஒரு பொருள் வேண்டும். அதன் சுருக்கப்பெயர் 'காபா'. அது மூளையில் இருப்பதை 1950இல் அமெரிக்காவில் யூஜின் ராபர்ட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இதில் வேடிக்கை என்னவென்றால், தூண்டும் குளூட்டமிக் அமிலத்திலிருந்தே அடக்கும் காபா உண்டாகிறது! ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மூலக்கூறைக் கழற்றிவிட்டால் போதும். கழற்றும் வேலையை ஒரு நொதி செய்கிறது. ஆனால் அந்த நொதி தனியாக வேலை செய்யாது. பி6 உயிர்ச்சத்துடன் பாஸ்பேட் சேர்ந்து உண்டாகும் துணைநொதி அதனுடன் இருந்தாக வேண்டும். துணைநொதி குறைந்தால் காபா குறையும்; தூண்டல் கட்டுமீறி வலிப்பாக வெடிக்கும்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் சிலருக்குக் காரணம் புரியாத வலிப்பு வந்தது. பாலைக் கடுஞ்சூட்டில் பதப்படுத்தியபோது பி6 அழிந்துபோயிருந்தது. பைரிடாக்சின், அதாவது பி6, கொடுத்தவுடன் வலிப்பு நின்றது.

உணவில் உயிர்ச்சத்து இருந்தும் அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள்களும் உண்டு. அவற்றுள் நம் நாட்டவர் நன்கறிந்தது ஐசோநியாசிட், அதாவது காசநோய் மாத்திரை. 1912இல் பிராகா நகரில் முதன்முதலாக உருவாக்கப்பட்ட இப்பொருள், காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று தெரியவந்தது 1952இல்தான். நாற்பது ஆண்டுகள் அதன் அருமை தெரியாமலே கழிந்தன! ஐசோநியாசிட் மூலக்கூறின் வால்பகுதி பி6இன் மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சேர்க்கை சிறுநீரோடு வெளியேறுகிறது. அதோடு, பி6இல் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியையும் தடுத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய பி6 ஏறத்தாழ 2 மில்லிகிராம். பெரியவருக்குத் தரும் ஐசோநியாசிட்டோ 300 மில்லிகிராம்.

அப்படியானால் மாத்திரை உண்போர் எல்லோருக்கும் வலிப்பு வருமா? வராது. வழக்கமான அளவில் வலிப்பு மிக அரிது. கை கால் எரிச்சல், மரத்துப்போதல் ஆகியவையே சிலருக்குத் தோன்றும். இதைத் தீர ஆராய்ந்த பெருமை நம் சென்னைக்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், ஏழை நோயாளி நெருக்கடியான தன் வீட்டிலேயே இருந்துகொண்டு மாத்திரையால் குணமடையலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அதே மையத்தார் 1963இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் வெறும் 6 மில்லிகிராம் பைரிடாக்சின் சேர்த்துக் கொடுத்தால் நரம்புக் கோளாறு வராமல் தடுக்கலாம் என்று கண்டனர். ஐசோநியாசிட்டைக் கல்லீரல் மாற்றி வெளியேற்றும் வேகம் பரம்பரையைப் பொறுத்தது. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாக வெளியேற்றுகிறவர்கள். அவர்களுக்கே இக்கோளாறு மிகுதி. ஆகவே, கால் எரிகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பிழைப்பது கிருமிதான். மருத்துவரிடம் சொன்னால் பைரிடாக்சின் தருவார்.

மீனைப் பற்றி இன்னொன்று. கெடத் தொடங்கிய சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். அதைச் சிதைக்கும் நொதியையும் ஐசோநியாசிட் தடுக்கிறது. முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து அவதிப்பட்ட நோயாளிகளைப் பற்றி 1980ஐ ஒட்டி இலங்கை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பி6 நிறைந்த மீனாயிற்றே என்று இந்த மாத்திரை உண்பவருக்குச் சூரையை ஊட்டவேண்டாம்.

உண்மையான ஆபத்து, அளவு பல மடங்கு மீறும்போதுதான். மிட்டாய் என்று எண்ணிக் குழந்தை விழுங்கிவிடுவதும் உண்டு. அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வலிப்பு தொடங்கும். ஒன்று அடங்குமுன் அடுத்தது வரும். வலிப்புக்கு வழக்கமாகப் போடும் டயசிபாம் ஊசி இங்கே தனியாகப் போதாது. அது காபாவின் வேலைக்கு வலுவூட்டும் மருந்து. காபாவே இல்லாத இடத்தில் எதற்கு வலுவூட்டும்? காபாவை மறுபடி உண்டாக்க வேண்டும். அதற்கு இரத்தக்குழாய் வழியாகப் பைரிடாக்சின் செலுத்துவார்கள், அதுவும் உள்ளே போன ஐசோநியாசிட் எத்தனை கிராமோ அத்தனை கிராம். அளவு தெரியாவிட்டால் பெரியவர்களுக்கு 5 கிராமில் தொடங்குவார்கள். ஆதலால் மருத்துவமனைக்கு விரையும்போது காலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்பதை வைத்தே மருத்துவர் கணக்குப் போடுவார்.