அணைத்த பிறகும் ஆறாத உலை

என் அக்காவை ராதாபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையம் அங்கிருந்து ரொம்ப தூரமில்லை. "ஏட்டி, அது வெடிச்சா நாங்க எங்க ஓடுவோம்?" என்று கேட்பாள். எஞ்சினீயரிங் படித்த அவள் மருமகனோ, "வெடிக்கவே வெடிக்காது அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தினவள்தான் நான். இருந்தாலும் கேட்டும் படித்தும் பார்த்ததில் ஒன்று புரிந்தது, சகோதரிகளே.

அணு உலை அணுகுண்டு போல வெடிக்காது. அதில் இருக்கும் யுரேனியம் அந்த ரகமில்லை. மருமகன் சொல்வது அதுவரை சரி. பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான்.

நம் கேஸ் அடுப்பை அணைத்தால் அதோடு சரி, பாத்திரம் ஆறிவிடும். அணு உலையை நிறுத்தினாலும் உள்ளே உள்ள கதிரியக்கப் பொருள்கள் சூட்டைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்தியவுடன் முழு வெப்பத்தில் 100க்கு 6, 7 பங்கு. ஒரு நாள் கழித்தும் சுமார் அரைப் பங்கு. அரைப் பங்குதானே என்கிறீர்களா? கூடங்குளம் உலை ஒன்றின் முழு வெப்பம் 3,000 மெகாவாட். அந்தக் கணக்கில், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 15,000 ஒரே நேரத்தில் சூடேறுகிற மாதிரி!

ஜப்பானில் ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. பிறகு வந்த சுனாமியில் டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. கரண்ட் இல்லை, பம்ப் ஓடவில்லை, 3 உலைகளில் எரிபொருள் உருகிப்போனது.

புது மாதிரி உலைகளில் பம்பை மட்டும் நம்புவதில்லை. கூடங்குளத்தில் ஆவி தானாக மேலே ஏறி, வெளிக்காற்றில் குளிர்ந்து, தண்ணீராகித் திரும்பி இறங்க ஏற்பாடு உண்டு. சோறு கொதிக்கையில் மூடியில் முட்டிய ஆவி சட்டிக்குள்ளேயே சொட்டுமே, அந்த வித்தைதான், கரண்ட் வேண்டாம். அதையும் மீறி எரிபொருள் உருகினால் ஏந்திக்கொள்ள அடியில் ஒரு பெரிய தொட்டி. கெட்டிக்கார யோசனை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் தீர்ந்த எரிபொருளும் வருஷக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தே ஆற வேண்டும். அதற்கும் காவல் வேண்டும்.

பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னொரு விஷயம். 1986-ல் செர்னோபிலில் கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிற்பாடு தைராய்டு புற்றுநோய். ஜனங்களுக்கு உடனே சொல்லாததுதான் பெரிய கொடுமை. பக்கத்து போலந்தில் சுமார் 1 கோடி குழந்தைகளுக்கு அப்போதே அயோடின் மருந்து கொடுத்தார்கள்.

அதனால் உலைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் கேளுங்கள்: எப்படி அறிவிப்பார்கள், எங்கே போக வேண்டும், மாத்திரை யார் தருவார்கள்? அந்த மாத்திரையை நாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அது அயோடின் ஒன்றுக்குத்தான் காப்பு. அதிகாரிகள் சொல்லும் நேரத்தில் சொல்லும் அளவுதான் சாப்பிட வேண்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.