சுவரிடம் சொன்ன கிழவி

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம்மவர்களில் கவலை இல்லாதவர் யார்? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுகிறவர்கள் மிகச் சிலரே. முன்பெல்லாம் கடிதத்தில் 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதி முடித்தோம். இப்போது கைபேசியில் 'சாப்பிட்டாச்சா, பணம் வந்ததா' என்பதோடு பேச்சு முடிந்து விடுகிறது. வேலை போனதையும் வட்டிக் கடனையும் வீட்டுக்குத் தெரியாமல் சுமப்பதே பெருமை என்று எண்ணுவோரும் உண்டு. இவர்களுக்கென்றே சொல்லி வைத்தாற்போல் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது.

இதைத் தம் நூலில் சேர்த்தவர் ஏ.கே. ராமானுஜன். 1929-ல் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தமிழும் வெளியே கன்னடமுமாக வளர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1993-ல் காலமானார். இந்தியாவின் 22 மொழிகளில் வழங்கும் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து 1991-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

கதை இதுதான். கணவனை இழந்த ஓர் ஏழைக் கிழவி. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். நால்வரும் ஏச்சும் பேச்சுமாக அவளை வாட்டினார்கள். சொல்லி அழ ஆளில்லை. மனத்துக்குள் அடக்க அடக்க, கிழவியின் உடம்பு ஊதிக்கொண்டே போயிற்று. அதற்கும் கேலி; சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது வெளியே போனவள், ஊர்க்கோடியில் கூரையில்லாத ஒரு பாழ்வீட்டில் நுழைந்தாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததையெல்லாம் சொன்னாள். பாரம் தாங்காமல் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது. அவள் உடம்பும் சற்று இளைத்தது. மூத்த மருமகளைப் பற்றி அடுத்த சுவரிடம் சொன்னாள். இப்படியே நான்கு சுவர்களும் விழுந்தன. பழைய உடம்போடு கிழவி வீடு திரும்பினாள்.

அவ்வளவுதான். ராஜகுமாரன் வரவில்லை, தேவதை வரம் தரவில்லை, மகன்கள் திருந்தியதாகவும் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். பாரம் இறங்கியது, வீடு அப்படியே இருக்கிறது. நாளைக்கும் ஏச்சு உண்டு. இடிவதற்கு இன்னொரு பாழ்வீடு தேட வேண்டும்!

ரெயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சுவர் புதிதல்ல. தீபாவளி சமயத்தில் முன்பதிவு ஜன்னலுக்கு வருகிறவர், இடமில்லை என்று சொன்ன பிறகும் நகர மாட்டார். தங்கை கல்யாணம், தாயார் ஆபரேஷன், பங்காளி வழக்கு எல்லாம் வரும். குமாஸ்தாவால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டால் முகம் தெளிந்து போகிறார். பின்னால் நிற்பவர்கள்தான் கத்துகிறார்கள்.

கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்ட பின், அங்குள்ள தமிழர்கள் ஆயிரக்கணக்கில் தினமும் ரெயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் வரும் வண்டியில், மனைவியிடம் சொல்லாததை எதிரே இருப்பவரிடம் சொல்லுகிறவர்களைக் காணலாம்.

வெளியே சொல்லி ஆறுதல் தேடுவது சரி. வீட்டில்? அப்பா எந்த வண்டியில் இந்த ஊருக்கு வந்து இறங்கினார், முதல் மாதம் எங்கே படுத்துத் தூங்கினார் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்டால், 'அதெல்லாம் இப்போது எதற்கு' என்கிறோம்.

ராமானுஜன் நூலில் கன்னடக் கதை ஒன்றும் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாருக்கும் சொல்ல மாட்டாள். உள்ளே கிடந்து புழுங்கிய கதை, அவள் தூங்கும்போது வாய் வழியே வெளியேறி, ஒரு ஜோடிச் செருப்பாக மாறி வாசலில் கிடந்தது. பாட்டு, ஆண்பிள்ளைச் சட்டையாக மாறி ஆணியில் தொங்கியது. கணவன் வந்து, யார் வந்தது என்று கேட்டான். யாரும் இல்லை என்றாள். சண்டை முற்றி, போர்வையோடு அனுமார் கோயிலுக்குப் படுக்கப் போய்விட்டான்.

அந்த ஊரில் வீடுகளில் அணைத்த விளக்குகளின் சுடர்கள் எல்லாம் இரவில் அந்தக் கோயிலில் கூடி வம்பு பேசுமாம். அன்று தாமதமாக வந்த ஒரு சுடர், எங்கள் வீட்டில் சண்டை என்று நடந்ததையெல்லாம் விவரித்தது. கேட்டுக்கொண்டிருந்தவனுக்குச் சந்தேகம் தீர்ந்தது. விடிந்ததும் வீட்டுக்கு வந்து, அந்தக் கதையையும் பாட்டையும் பற்றி மனைவியிடம் கேட்டான். அவளுக்கு இரண்டுமே மறந்து போயிருந்தன.